மருத்துவப் பக்கத்தில் மூச்சு எண்ணிக்கைக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே உடல்நிலையைக் கண்காணித்துக்கொள்வது குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையையும், அதனுடன் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்த அளவுப் பட்டியலையும் படித்தேன். ரத்த அழுத்தம் 120/80, நாடித் துடிப்பு 60 முதல் 100, உடல் வெப்பம் 98.6, ஆக்சிஜன் 95-க்கு மேல் என்று நான்கே வரிகளில் அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது. எண்கள் தவறானவை அல்ல. ஆனால், அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும் ஒரு குடும்பம் அதிலிருந்து என்ன முடிவுக்கு வரும் என்பதே என் கவலை. எந்த நிலையில், எந்தக் கருவியால், உடலின் எந்த இடத்தில் அளந்தது என்ற விவரம் இல்லாத எண், நலமாக இருப்பவரைப் பயமுறுத்தும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவரை, ஒன்றுமில்லை என்று சமாதானப்படுத்தி வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பட்டியலில் மூச்சு எண்ணிக்கை இடம்பெறவே இல்லை என்பது.

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே இருக்கும் அட்டையை நாங்கள் டி.பி.ஆர். சார்ட் என்போம். டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன் ஆகிய மூன்றும் அதில் அடக்கம். வெப்பத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. நாடிக்கு இப்போது கருவியே எண்ணிச் சொல்லிவிடுகிறது. மூச்சுக்கு மட்டும் சாதாரண வார்டில் கருவி எதுவும் கிடையாது. விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும் முழுதாக ஒரு நிமிடமும் வேண்டும். நெரிசலான வார்டில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை. அதனால் அந்தக் கட்டத்தில் வரிசையாக 20, 20, 20 என்று எழுதப்பட்டிருப்பதை நான் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நிமோனியாவுடன் திணறுபவரும், குடலிறக்க அறுவை சிகிச்சைக்காகத் தெம்பாகக் காத்திருப்பவரும் ஒரே வேகத்தில் மூச்சு விடுகிறார்கள் என்று அந்த அட்டைகள் சொல்லும். இரவுப் பணியில் ஒரே செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவள் நான். இதை யார் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனைக்குள் தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு இப்போது பத்திரிகைப் பக்கத்துக்கும் வந்துவிட்டதே என்பதால்தான் எழுதுகிறேன்.

நலமாக இருக்கும் பெரியவர் ஒருவர், ஓய்வில் இருக்கும்போது, நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவும்போதும், நுரையீரலில் சளி கட்டும்போதும், இதயம் தளர்ந்து நீர் கோக்கும்போதும், பெரும்பாலும் ரத்த அழுத்தம் விழுவதற்கு வெகுநேரம் முன்பே இந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிடும். பிரிட்டனில் மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ், நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே அறிய 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று பாருங்கள். நாடித் துடிப்பு 91 முதல் 110 வரை இருந்தால் ஒரு புள்ளி. மூச்சு 21 முதல் 24 வரை இருந்தாலே இரண்டு புள்ளி. 25-ஐத் தொட்டாலோ, 8-க்கு இறங்கினாலோ மூன்று புள்ளி. ஏதேனும் ஓர் அளவு தனியாக மூன்று புள்ளி பெற்றாலே மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு நாடி 104 என்றால் பதறிப்போய் தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகள், அவர் நிமிடத்துக்கு 26 முறை மூச்சு விடுவதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொன்ன மாத்திரத்தில் மனிதர் மூச்சை இழுத்துப் பிடிப்பார், அல்லது வேண்டுமென்றே மெதுவாக விடுவார். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்தபடியே, நாடியை எண்ணி முடித்த பின்பும் கையை எடுக்காமல், கண்ணை மட்டும் மார்புக்கோ வயிற்றுக்கோ கொண்டுபோய் ஏறி இறங்குவதை எண்ண வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழியில் ஒரு மூச்சு விட்டுப்போனால் கணக்கில் நான்கு குறைந்துவிடும். 24 என்பது 20 ஆகி, நோயாளி நலமானவராகிவிடுவார். முழு நிமிடம் எண்ணச் சொல்வதன் காரணம் இதுதான். எண்ணிக்கையோடு மூச்சின் தன்மையையும் பார்க்க வேண்டும். மேலோட்டமாக வாங்குகிறதா, ஆழ்ந்து வாங்குகிறதா, பேச்சு பாதியில் நிற்கிறதா, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாரா என்பவையெல்லாம் மருத்துவருக்குச் செய்திகள்.

சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்றைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் விட்டுப்போய், ரத்தத்தில் அமிலம் ஏறும்போது வயிற்றுவலியும் வாந்தியும் வரும். உடல் அந்த அமிலத்தை வெளியேற்றுவதற்காக ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடத் தொடங்கும். அப்போது விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98, 99 என்று அருமையாகக் காட்டும். நுரையீரலில் கோளாறு எதுவும் இல்லை என்பதால் ஆக்சிஜன் குறையாது. அந்த எண்ணை நம்பி, அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தங்கள் பட்டியலில் உள்ள நான்கு வரிகளில் எதுவும் இந்த நோயாளியைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லாது. மூச்சு சொல்லிவிடும்.

குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சளி, இருமல் உள்ள குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்று ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத இடத்தில் முடிவு செய்வதற்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் அளவுகோல் மூச்சு எண்ணிக்கைதான். நம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இதுவே கற்பிக்கப்படுகிறது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக் கூடாது. தாயின் மடியில் அமைதியாகப் படுத்திருக்கும்போது, சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், வயிறு ஒரு முறை எழுந்து இறங்குவதை ஒன்று என்று எண்ண வேண்டும். பச்சிளம் குழந்தையின் மூச்சு இயல்பிலேயே ஒரே சீராக இராது. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். அதனால்தான் முதல் முறை 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. எழுத்தறியாத பாட்டிகூட, எண்ணத் தெரிந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். இத்தனை எளிய, இத்தனை உயிர்காக்கும் அளவை ஏன் பட்டியலில் விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அடுத்து ரத்த அழுத்தம். இதைப் பற்றித் தங்கள் கட்டுரை நிறையவே பேசியது. எப்படி அளப்பது என்பதைத் தவிர. ஒரு மருத்துவ முகாமில் கண்டதைச் சொல்கிறேன். வெயிலில் நடந்து, மாடிப்படி ஏறி வந்த பெரியவர் ஒருவரை உயரமான பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கால் தரையைத் தொடவில்லை, முதுகுக்குச் சாய்மானம் இல்லை. முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டித் தள்ளி, அந்தச் சுருட்டலின் மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். கை மடியில் கிடந்தது. பட்டை இறுகும்போதே, பேரன் வேலை விஷயத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 168/96 என்று சீட்டில் எழுதினார்கள். அவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவிட்டு, சட்டையைக் கழற்றி, கையை மேசை மேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து மறுபடியும் எடுத்தபோது 142/84. மனிதர் அதே மனிதர்தான், கருவியும் அதே கருவிதான். முதல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போயிருந்தால், அன்றே மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார்கள்.

பேசுவது, கால்மேல் கால் போட்டுக்கொள்வது, சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது, அரைமணி நேரத்துக்குள் காபி குடித்தது, புகைபிடித்தது, கை தொங்கிக்கொண்டிருப்பது, பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றுவது ஆகிய ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டும். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ஒலி தொடங்கும் இடத்தை மேல் அளவாகவும் ஒலி மறையும் இடத்தைக் கீழ் அளவாகவும் கொள்ளும் முறையைச் சொன்னார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனைகளில் நாங்கள் காதால் கேட்டு அளந்தது அந்த முறையில்தான். பாதரசத்தின் தீங்கு கருதி, மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. வீடுகளில் உள்ள மின்னணுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் அதிர்வைப் பதிந்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கிட்டுச் சொல்கிறது. நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் முதியவர்களிடம் அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். கருவி பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், மணிக்கட்டில் விரலை வைத்து, நாடி சீராக ஓடுகிறதா, இடையிடையே தவறுகிறதா என்று பார்க்க வேண்டும். தவறினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். துடிப்பின் எண்ணிக்கை 80 என்று கருவி காட்டுவதால் மட்டும் இதயத் துடிப்பு ஒழுங்காக இருப்பதாகப் பொருள் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், முன்பெல்லாம் மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்களின் வீட்டுத் திண்ணையிலும் இன்று பி.பி. பார்க்கப்படுகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் செய்யும் இந்தப் பணியை நான் மனமாரப் போற்றுகிறேன். அவர்கள் வரும்போது மக்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டியது, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருப்பதும் சட்டைக் கையை முழுதாக விலக்கிக்கொள்வதும்தான். இதைத் தங்களைப் போன்ற பத்திரிகை சொன்னால் கேட்பார்கள். வீட்டில் எடுக்கும் அளவில் 135/85 என்பதே, மருத்துவமனையில் எடுக்கும் 140/90-க்கு இணையான எல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, தேதி, நேரம், எந்தக் கை என்பதோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.

மேல் அளவை மட்டும் சொல்லும் பழக்கம் நம் மக்களிடம் மட்டுமல்ல, செய்தி எழுதுவோரிடமும் இருக்கிறது. ‘பி.பி. 100 இருந்தது’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். டெங்குக் காலத்தில் இது ஆபத்து. டெங்குக் காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நோயாளி அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத ‘ஷாக்’ நிலைக்குப் போவார். அப்போது மேல் அளவு உடனே விழுந்துவிடாது. கீழ் அளவு ஏறி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 100/80 என்றால் இடைவெளி 20. டெங்குவில் இடைவெளி 20-க்கோ அதற்குக் கீழோ சுருங்கி, நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடி, கை கால் சில்லிட்டால் அது அதிர்ச்சி நிலை. 100/64 உள்ள பிள்ளையும் 100/80 உள்ள பிள்ளையும் ஒரே நிலையில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் ரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் பத்தி பத்தியாக வருகிறது. பப்பாளி இலைச் சாறு பற்றியும் வருகிறது. காய்ச்சல் விட்டதும் பெற்றோர் நிம்மதி அடையும் அந்த ஒரு நாளில், பிள்ளையின் கை சில்லென்று இருக்கிறதா, ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களும் நெருங்கி வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லும் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. தட்டணுவைவிட அந்த ஒரு வரிக்கே நான் முதலிடம் தருவேன்.

ஆக்சிமீட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் கொரோனா இரண்டாம் அலையில் அதை எல்லோரும் கற்றுக்கொண்டோம். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970-களில் கண்டறிந்த தத்துவத்தில் இயங்கும் அரிய கருவி அது. ஆயினும் விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், நடுங்கினாலும் தவறு காட்டும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஹீமோகுளோபின் ஆறு கிராம் மட்டுமே உள்ள ரத்தசோகையோடு வரும் கர்ப்பிணிக்கும் 99 காட்டும். தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கும் நல்ல எண்ணையே காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை ஆக்சிஜன் ஏறிய ரத்தத்திலிருந்து பிரித்தறிய அதனால் முடியாது. கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டும் குறைபாட்டை 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நம் ஊருக்கு இது பொருந்தாத செய்தி அல்ல.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 98.6 என்பது ஃபாரன்ஹீட் என்பதையும், எங்கே அளந்தது என்பதையும் சேர்த்து அச்சிட்டால் போதும். அக்குளில் அளந்தால் வாயில் அளப்பதைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாக இருக்கும். மாலையில் காலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பிறந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் உடல் குளிர்ந்துபோவதும் காய்ச்சலைப் போலவே ஆபத்தான அறிகுறி என்பதை ஒரு வரியில் சொல்லலாம்.

இன்னொன்றையும் செய்தி ஆசிரியர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பிரபலங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, ‘ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் சீராக உள்ளன’ என்று வரும் மருத்துவ அறிக்கை அப்படியே அச்சாகிறது. அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் மருந்து நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதும், வென்டிலேட்டர் மூச்சைத் தந்துகொண்டிருக்கும்போதும் மானிட்டரில் 110/70 தெரியும், ஆக்சிஜன் 97 தெரியும். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை நோயாளியின் சொந்த பலத்தில் நிற்பவை அல்ல. மருந்தின் துணையோடா, துணையின்றியா, நினைவு எப்படி இருக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்ற கேள்விகளைச் செய்தியாளர் மருத்துவரிடம் கேட்டு எழுதினால், மறுநாள் வரும் துயரச் செய்தியைக் கண்டு மக்கள் குழம்பி வதந்திகளைத் தேடிப் போக மாட்டார்கள். குடும்பத்தார் தனியுரிமை கருதி விவரம் தர விரும்பவில்லை என்றால் அதை மதித்து, ‘விவரம் தரப்படவில்லை’ என்று எழுதுவது மேல்.

ஆகவே தங்கள் மருத்துவப் பக்கத்தின் பட்டியலைத் திருத்தி மறுபடியும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூச்சு எண்ணிக்கையை முதல் வரியாகப் போடுங்கள். பெரியவர்களுக்கான அளவோடு குழந்தைகளின் மூன்று வயதுப் பிரிவுகளையும் தனித்தனியே தாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு எதிரே, ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், தரையில் கால், நெஞ்சு மட்டத்தில் வெறும் கை, பேச்சில்லாமை என்று எழுதுங்கள். கடைசியில், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் நோயாளி வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, குழம்பிப் பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ, எண்களைப் பார்க்காமல் 108-ஐ அழைக்கவும் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அது வெளியாகுமானால், டெங்கு வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் பணியாற்றும் என் இளைய சகோதரிகளுக்கு அது பெரும் உதவியாக இருக்கும். பட்டியலைச் சரிபார்த்துத் தர வேண்டுமென்றால் மகிழ்ச்சியோடு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.